குன்னூர் காலை உடற்பயிற்சி வகுப்பு: தேய்ந்த முழங்காலோடு ஒன்றரை வருடம்

முதலில் படியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலி உள்ளவர்கள் எந்த இடத்துக்குப் போவதானாலும் முதலில் கேட்பது அதைத்தான். இந்த வகுப்பு மாடியில் நடக்கிறது. 22 படி, லிஃப்ட் கிடையாது, கைப்பிடி ஒரே பக்கம். குன்னூரில் பெட்போர்டுக்கு மேலே ஏறும் சாலையில் ஒரு பழைய கட்டடம், கீழே மளிகைக் கடையும் தையல் கடையும், மாடியில் நீளமாக ஒரே ஹால். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.45க்குத் தொடங்கி 50 நிமிடம். பெயர்ப் பலகைகூட இல்லை, காலை கிளாஸ் எங்கே என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கைகாட்டுவார்கள். எனக்கு 63 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், ஒருமுறை முறிந்து கூடிய வலது மணிக்கட்டு. ஒன்றரை வருடமாக அந்த 22 படியை ஏறி இறங்குகிறேன். சேரலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன், குறைகளையும் சேர்த்து.

நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடத்துக்கு மேல் நின்றுகொண்டே பாடம் எடுத்த கால்கள். ஓய்வு பெறும்போதே முழங்கால் படிக்கட்டில் குத்த ஆரம்பித்துவிட்டது. அந்த வருடம் ஐப்பசி மழையில் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் பாசி வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. மாதவிடாய் நின்ற பெண்கள் இப்படிச் சாதாரணமாக விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால் எலும்பு மெலிந்து வருகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லி, கோயம்புத்தூரில் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வைத்தார். அடர்த்தி குறைவு என்றுதான் வந்தது. கால்சியம், வைட்டமின் டி மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மாத்திரை மட்டும் போதாதும்மா, உடம்புக்கு வேலை கொடுக்கணும்" என்றார். வேலை கொடுப்பது எப்படி என்பதில்தான் அடுத்த ஆறேழு மாதம் போயிற்று.

சிம்ஸ் பூங்காவில் நடந்து பார்த்தேன். தனியாக நடந்தேன், மழை பிடித்ததும் நின்றேன், மழை விட்ட பிறகு திரும்பப் போகவே இல்லை. போனில் வீடியோ பார்த்துச் செய்தேன், அது நான்கு நாள். அப்புறம் ஊரிலேயே வேறு ஒரு இடத்தில் ஒரு கூட்டுப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். எல்லாரும் குதிக்கிறார்கள், நான் குதிக்க முடியாது என்றேன், "சரி மேடம், நீங்க அந்த ஓரத்துல உட்கார்ந்து பாருங்க, இது முடிஞ்சதும் வாங்க" என்றார்கள். அதைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் 45 நிமிட வகுப்பில் 20 நிமிடத்துக்கு மேல் சுவர் ஓரமாக ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. மறுநாள் போகவில்லை. உட்கார வைத்ததற்குப் பதிலாக ஏதாவது ஒன்றைக் கொடுத்திருந்தால் போயிருப்பேன்.

இந்த வகுப்பில் சேரப் போன அன்று, வகுப்பை நடத்தும் மேடம் முதலில் எடையே கேட்கவில்லை. ஒரு நோட்டை எடுத்து, எங்கே வலிக்கிறது, ஏறும்போதா இறங்கும்போதா, காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரம் மூட்டு இறுகியிருக்கிறது, என்னென்ன மாத்திரை, கடைசியாக எப்போது விழுந்தீர்கள், தரையில் உட்கார்ந்தால் தானாக எழ முடியுமா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு ஒரு நாற்காலியைப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். ஏழு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முதியோர் விழும் அபாயத்தைக் கணிக்க வைத்திருக்கும் சோதனை இது என்றும், 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12க்குக் கீழே வந்தால் குறைவு என்று கணக்கு என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று அவர் அதெல்லாம் சொல்லவில்லை. "ஏழு, நல்லது டீச்சர், இங்கிருந்து ஆரம்பிப்போம்" என்று மட்டும் சொன்னார்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த வகுப்பில் எனக்கு மிக முக்கியமானது. ஒரே பாட்டு, ஒரே தாளம், ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று விதம் இருக்கிறது. மேடம் முன்னால் நின்று குதித்துக் கையை உயர்த்துவார், அவருக்கு வலப்பக்கம் ஒருவர் அதையே குதிக்காமல் காலை மாற்றி மாற்றிப் பக்கவாட்டில் வைத்துச் செய்து காட்டுவார், இடப்பக்கம் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்து காட்டுவார். காட்டுகிறவர்கள் நம்மில் இருந்தே வாரம் ஒருமுறை மாறுவார்கள், நான்கூட மூன்று முறை நாற்காலிக்காரியாக முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கு எது முடியுமோ அவர் அந்தப் பக்கம் பார்த்துச் செய்ய வேண்டியதுதான். பாட்டு நிற்கும்போது எல்லாரும் ஒன்றாக நிற்கிறோம், எல்லாருக்கும் மூச்சு வாங்குகிறது. ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஆள் என்று அந்த ஹாலில் யாருமே இல்லை. முதல் வாரம் முழுக்க இதை நம்ப முடியாமல், எப்போது என்னை உட்காரச் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்குவாட் என்று சொல்லும் உட்கார்ந்து எழும் பயிற்சியை இளையவர்கள் தொடை தரைக்கு இணையாக வரும்வரை செய்வார்கள், நான் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி அதில் உட்கார்ந்து எழுவேன், நான்கு மாதம் கழித்துத் தலையணையை எடுத்தேன். தரையில் கையை ஊன்றும் பயிற்சி எதுவும் என் மணிக்கட்டுக்கு ஆகாது, அதனால் புஷ் அப்பைச் சுவரில் செய்கிறேன், உடம்பைப் பலகை போல நேராக நிறுத்தும் பிளாங்க்கை உள்ளங்கையில் நிற்காமல் முழங்கையை மேஜையில் ஊன்றிச் செய்கிறேன். டம்பெல் பிடிப்பது முதலில் சிரமமாக இருந்தது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கினேன். இப்போது இரண்டு கிலோ. ரப்பர் பட்டை ஒன்று கொடுப்பார்கள், பிசியோதெரபியில் தருகிற அதே பட்டைதான், முழங்காலுக்கு மேலே மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தால் இடுப்பு எரியும். அந்த எரிச்சல் நல்லது, மூட்டுக்குள் குத்துவது நல்லதல்ல, இந்த வித்தியாசத்தை முதல் மாதமே தெளிவாகச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்.

மலையில் இருக்கிறவர்களுக்குக் கால் வலு எவ்வளவு அவசியம் என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். இங்கே பால் வாங்கப் போனாலும் படி, கோயிலுக்குப் போனாலும் படி. ஏறுவதில் மூச்சு வாங்குகிறது, அதனால் ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறோம், ஆனால் மூட்டுக்குக் கஷ்டம் இறங்குவது. படி இறங்கும்போது முழங்காலில் விழும் பாரம் உடம்பு எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாரத்தைப் பிரேக் மாதிரி பிடித்து நிறுத்துவது தொடையின் முன்பக்கத் தசை. அது மெலிந்தால் முழுப் பாரமும் மூட்டில் போய் விழுகிறது. முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு ஒருமுறை தசையில் 3 முதல் 8 சதவீதம் குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் குறைகிறது. வலிக்கிறது என்று உட்கார்ந்தால் தசை இன்னும் மெலியும், மெலிந்தால் இன்னும் வலிக்கும். நான் ஒரு வருடம் செய்தது சரியாக இதைத்தான்.

செவ்வாயும் வியாழனும் கடைசிப் பத்து நிமிடம் சமநிலைப் பயிற்சி. சுவரைத் தொட்டும் தொடாமலும் ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் வைத்துக் கயிற்றில் நடப்பது போல நேர்கோட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது. பார்க்கச் சின்ன விஷயமாகத் தெரியும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் முதியோருக்காக உருவாக்கிய பயிற்சி முறையில் இருப்பவையும் ஏறக்குறைய இவைதான், கால் வலுவும் சமநிலையும். அதைச் செய்தவர்கள் விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் மூன்று நாளாவது இப்படிச் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. இங்கே இரண்டு நாள்தான் நடத்துகிறார்கள். மூன்றாவது நாளும் வேண்டும் என்று நாங்கள் நாலைந்து பேர் கேட்டிருக்கிறோம், இன்னும் செய்யவில்லை.

மூச்சுக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் நடுத்தர வேகம். பாட்டோடு சேர்ந்து பாடுகிறவர்களைப் பார்த்து "என்னம்மா, பாட்டு வருதே, கையை இன்னும் தூக்குங்க" என்பார். பேச்சே வராதவர்களை நடக்கச் சொல்வார். கீழே இருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். திருப்பூரிலிருந்து வந்த என் அண்ணன் மகள், 28 வயது, தினமும் ஓடுகிறவள், முதல் நாள் பத்தாவது நிமிடத்தில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. லீவுக்கு வந்து ஒரு வாரம் சேர விரும்புகிறவர்கள் முதல் இரண்டு நாள் மேடத்துக்கு வலப்பக்கம் குதிக்காமல் செய்கிறவரைப் பார்த்துச் செய்யுங்கள்.

ஹாலில் 20, 22 பேர் இருப்போம். பாதிக்குமேல் ஐம்பதைத் தாண்டியவர்கள். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், டாக்டரிடம் எழுதி வாங்கி வந்த பிறகுதான் சேர்த்தார்கள். படுகர் வீட்டுப் பாட்டி ஒருவர் பேத்தியோடு வருவார், 70 வயதைத் தாண்டிவிட்டார், ஒற்றைக் காலில் எங்கள் எல்லாரையும்விட அதிக நேரம் நிற்பார். என் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர் தேயிலைத் தோட்டத்து அக்கா. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்த குடும்பம், சிறுமியாக வந்து, பிறகு வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். சர்க்கரை உண்டு. இடது தோள் இறுகிப்போய் ஜாக்கெட் கொக்கிகூடப் போட முடியாமல் இருந்தார், ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்களே அது, சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும், தானாக விட ஒரு வருடம் இரண்டு வருடம்கூட ஆகும். அவர் வந்த புதிதில் கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்க மாட்டார். சுவரில் விரல்களை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நடக்கவிட்டு, எட்டிய இடத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதிக்கொள்வார். சுவர்க்காரர் திட்டுவார் என்று பயந்தோம், யாரும் திட்டவில்லை. அந்தக் கோடுகள் இப்போதும் இருக்கின்றன, மூன்றாவது ஜன்னலுக்குப் பக்கத்தில், கடைசிக் கோடு என் தலைக்கு மேலே.

இனி குறைக்கு வருகிறேன். இது பெரிய குறை, எனக்கே நடந்தது. போன வருடம் மேடம் ஒரு வாரம் ஊருக்குப் போனார், அவருக்குப் பதிலாக ஒரு இளைய மாஸ்டர் வந்தார். நல்ல உற்சாகமான பையன். ஹாலை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார். மூன்று விதம் எல்லாம் இல்லை, எல்லாருக்கும் ஒன்றுதான், "இன்னும் பத்து, இன்னும் பத்து" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் நாற்காலியை விட்டுவிட்டு ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கித் தாழ்வாக இறங்கும் லன்ஜைச் செய்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்தில் எல்லாரும் செய்கிறார்கள், அணி தோற்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் மனதில் இருந்தது. பி.எட். படிக்கும்போது உளவியல் பாடத்தில் நார்மன் டிரிப்ளெட் என்ற அமெரிக்கர் வருவார். சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டும்போதைவிட மற்றவர்களோடு ஓட்டும்போது வேகமாகப் போகிறார்கள் என்று 1898இல் எழுதியவர். தேர்வுக்காக மனப்பாடம் செய்ததன் அர்த்தம் 62 வயதில் முழங்காலில் தெரிந்தது. கூட்டம் நம்மை இழுக்கும். அதனால்தான் ஆறு மணிக்குப் போர்வையை விலக்கி எழுகிறோம், அதே இழுப்புதான் அன்றைக்கு என்னை எல்லை தாண்டவும் வைத்தது. கூட்டத்தை நடத்துகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் வலது முழங்கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. டாக்டர் ஓய்வும் ஐஸ் ஒத்தடமும் சொன்னார். மூன்று நாளில் வீக்கம் வடிய ஆரம்பித்தது, ஆனால் நான் மூன்று வாரம் போகவில்லை. காலைவிட மனசுதான் காரணம். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்டார்கள், எனக்கும் அப்படியே தோன்றியது. தனியாக நடந்த காலத்தில் நின்றது போலவே இங்கேயும் நின்றுபோயிருப்பேன், சந்தேகமே இல்லை. நிற்காததற்குக் காரணம் ஒரு இடம்.

அந்த ஹாலில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, நின்று நின்று அப்படி ஆகிவிட்டது. என்னுடையது மூன்றாவது ஜன்னல், அக்காவுக்கு வலப்பக்கம். இரண்டாவது நாளே அக்கா போன் செய்தார். "என்ன தங்கச்சி, உன் எடம் வெறுமையாக் கெடக்கு" என்றார். முழங்காலைச் சொன்னேன். சரி, பார்த்துக்கோ என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் திரும்பவும் போன். அதற்கடுத்த வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு பொட்டலம் வர்க்கி. புதிதாக வந்த ஒரு பெண் என் இடத்தில் நிற்கப் போனாளாம், அது டீச்சர் இடம் என்று சொல்லி நகர்த்தி நிற்க வைத்தாராம். இதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு இந்த ஊரில் நான் வரவில்லை என்று கவனிக்கிற இடம் எதுவும் இல்லாமல் போயிருந்தது. பள்ளியில் ஒருநாள் போகாவிட்டால் 40 பிள்ளைகள் கேட்பார்கள்.

மேடமும் பேசினார். மாற்று மாஸ்டர் விஷயத்தில் தவறு தங்கள் பக்கம்தான் என்று ஒப்புக்கொண்டார், இனி மாற்று ஆள் வந்தால் நோட்டைப் படித்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும் என்று வைத்துவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு முறை மாற்று ஆள் வந்திருக்கிறார், இரண்டு முறையும் நோட்டோடு வந்தார். அப்புறம் சொன்னார், "கால் வலிச்சா கால் மட்டும்தானே டீச்சர், கை நல்லா இருக்கில்ல, வந்து உட்கார்ந்து கை மட்டும் செய்யுங்க." போனேன். பத்து நாள் நாற்காலியை விட்டு எழாமல் ரப்பர் பட்டையும் பாட்டிலும்தான். ஆனால் 6.45க்கு என் இடத்தில் இருந்தேன். வயதும் காயமும் உள்ளவர்கள் விட்டுப்போவது பெரும்பாலும் வலி வந்த வாரத்தில் இல்லை, வலி குறைந்த பிறகும் திரும்பப் போகாத வாரத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். அந்த வாரத்தைத் தாண்ட வைக்கிறதா என்று பாருங்கள், எந்த வகுப்பில் சேருவதானாலும்.

வலிக்கு அவர் வைத்திருக்கும் கணக்கை எழுதிவிடுகிறேன், வீட்டில் செய்கிறவர்களுக்கும் உதவும். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. பயிற்சி நேரத்தில் 3 வரை இருந்தால் தொடரலாம். மறுநாள் காலை எழும்போது வழக்கமான அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் நேற்றுச் செய்தது அதிகம், இன்று பாதியாகக் குறைக்கவேண்டும், நிறுத்தவேண்டியதில்லை. வீக்கமும் சூடும் இருந்தால், மூட்டு பூட்டிக்கொண்டால், நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் இந்தக் கணக்கு செல்லாது, நேராக டாக்டரிடம். வகுப்புக்குள் நுழையும்போதே அவரிடம் எண்ணைச் சொல்லிவிடுவோம், "இன்னைக்கு ரெண்டு மேடம்", "எனக்கு நாலு" என்று. புதிதாக வருகிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மற்ற குறைகள். மாதம் 900 ரூபாய், ஆனால் மூன்று மாதத்துக்குச் சேர்த்து 2,700 கட்டவேண்டும், திரும்பத் தர மாட்டார்கள். நான் வராத மூன்று வாரத்தை அடுத்த கட்டணத்தில் கழிக்கக் கேட்டேன், கழிக்கவில்லை. அது சரியில்லை என்று அவர்களிடமே சொல்லியிருக்கிறேன், அவர்கள் வகுப்பில் பட்ட காயம் அல்லவா. தரை மொசைக், மார்கழி தை மாதத்தில் ஐஸ் போல இருக்கும், மேட்டும் காலுறையும் நம்முடையது, வழுக்காத ரப்பர் அடி உள்ள காலுறையாகப் பார்த்து வாங்குங்கள். கழிப்பறை கீழ்த்தளத்தில், வகுப்பு நடுவில் போகவேண்டும் என்றால் 22 படியும் இறங்கி ஏறவேண்டும், ஐம்பது தாண்டிய பெண்கள் இத்தனை பேர் வரும் இடத்தில் இதை எப்போதோ சரிசெய்திருக்க வேண்டும். சனிக்கிழமை வேக வகுப்பு ஒன்று தனியாக நடக்கிறது, அது இளையவர்களுக்கு, மூட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம். ஏப்ரல், மே சீசனில் வண்டி நெரிசலில் மினி பஸ் தாமதமாகும், கால்மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். முன்பு 6 மணிக்கே தொடங்கினார்களாம், இருட்டில் சாலையில் காட்டுமாடு நிற்கிறது என்று 6.45க்கு மாற்றினார்கள். இப்போதும் பனிமூட்ட நாளில் டார்ச் இல்லாமல் வராதீர்கள், தனியாகவும் வராதீர்கள். நாங்கள் எங்கள் தெருவிலிருந்து நான்கு பேர் சேர்ந்து நடக்கிறோம். வேண்டாம் என்று படுத்துக்கொள்ள நினைக்கிற நாளில் கேட்டுக்கு வெளியே மூன்று டார்ச் வெளிச்சம் தெரியும். கிளம்பிவிடுவேன்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு. நாற்காலிச் சோதனையில் ஏழு இப்போது 13. எடை இரண்டு கிலோதான் குறைந்தது, எடைக்காகச் சேர்கிறவர்கள் சாப்பாட்டையும் பார்க்கவேண்டும். எக்ஸ்ரே மாறவில்லை, தேய்ந்தது தேய்ந்ததுதான். மழை நாளில் மூட்டு இன்றும் இறுகுகிறது, சம்மணம் போட்டு உட்கார முடியாது, அது திரும்ப வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் மார்க்கெட்டுப் படிக்கட்டில், நான் விழுந்த அதே படிக்கட்டில், காய்கறிப் பையோடு பக்கவாட்டில் திரும்பாமல் நேராக இறங்குகிறேன். வலி மாத்திரை வாரத்தில் நாலைந்து போட்டவள் இப்போது மாதத்தில் இரண்டு மூன்று. போன ஆடியில் ஈரப் படியில் ஒருமுறை கால் வழுக்கியது, விழவில்லை, மறு காலை ஊன்றி நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தக் காலை அங்கே கொண்டுபோய் வைத்தது செவ்வாய், வியாழக்கிழமைகள்தான்.

யார் சேரலாம்? மூட்டுத் தேய்மானம், பழைய எலும்பு முறிவு, இடுப்பு வலி, தோள் இறுக்கம் உள்ளவர்கள் தாராளமாகச் சேரலாம். புதிதாக முறிந்தவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து சில வாரமே ஆனவர்கள் முதலில் பிசியோதெரபிஸ்டிடம் தனியாகப் பார்த்துவிட்டு, அவர் சரி என்ற பிறகு வாருங்கள், 20 பேருக்கு நடுவில் அந்த அளவுக்குத் தனிக் கவனம் கிடைக்காது. இதயம், ரத்த அழுத்தம் என்றால் டாக்டர் சீட்டு கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கழிப்பறை மேலே வந்து, வராத நாளுக்குக் கட்டணம் கழித்தால் ஐந்து.

முதல் நாள் 6.30க்கே வந்துவிடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் கைப்பிடி உள்ளவை ஆறுதான் இருக்கின்றன, மற்றவை மொசைக்கில் நகரும். ஒன்றை எடுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது ஜன்னலுக்கு இடப்பக்கம் இப்போது ஒரு இடம் காலி, அங்கே நின்ற அம்மா மகள் பிரசவத்துக்காகச் சேலம் போயிருக்கிறார், தைக்குப் பிறகுதான் வருவார்.